சர்டிபிகேட்டை நீங்களே வச்சுக்கங்க, என் பழைய நோட்டை எனக்குக் காட்டுங்க: பயிற்சிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

எச்ஆர்ல இருக்குறவங்களுக்கும், வருஷா வருஷம் எங்களை உக்கார வச்சு டைவர்சிட்டி ட்ரெய்னிங் (பல பின்புலத்துலேருந்து வர்றவங்களைப் பாரபட்சம் இல்லாம நடத்தச் சொல்லிக் குடுக்குற பயிற்சி) நடத்துற குழுவுல இருக்குற எல்லாருக்கும் வணக்கம்.

போன வாரம் உங்க மெயில் வந்துச்சு. பயிற்சியை வெற்றிகரமா முடிச்சதுக்கு வாழ்த்துன்னு போட்டு, கூடவே என் பேரு பொறிச்ச ஒரு சர்டிபிகேட். இது எனக்கு ஆறாவது, ஆறும் ஒரே போல்டர்ல தூங்குது. கடைசி டெஸ்ட்ல பத்துக்குப் பத்து. எப்படி வாங்குனேன்னு உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும், நாலு விடைல எது ரொம்ப நல்ல பிள்ளை மாதிரி பேசுதோ அதைத் தட்டிக்கிட்டே போனா முடிஞ்சுது. "சக ஊழியரின் பின்புலத்தை மதிப்பேன்" அப்படிங்குற விடையைத் தப்புன்னு எவன் சொல்லப் போறான்?

உங்களைத் திட்டணும்னு எழுதல. (கொஞ்சம் திட்டும் வரும், பொறுத்துக்கங்க.) அதே வாரத்துல வேற ஒண்ணு நடந்துச்சு, அதைச் சொல்லாம இருக்க முடியல, அதனாலதான் இந்த மடல்.

மேஜை டிராயரை ஒழிக்கும்போது ஒரு பழைய நோட்டு கைல சிக்குச்சு. சில வருஷம் முன்னாடி இன்டர்வியூ பேனல்ல உக்காந்தப்ப குறிப்பு எடுத்த நோட்டு. கிழிச்சுப் போடலாம்னு பிரிச்சேன். பிரிச்ச இடத்துல இடது பக்கம் ஒருத்தர், வலது பக்கம் இன்னொருத்தர், ஒரே நாள்ல அடுத்தடுத்து வந்தவங்க, ஒரே வேலைக்கு. ரெண்டு பேர்கிட்டயும் அதே கேள்வியைக் கேட்டிருக்கேன், பாதி வேலைல எல்லாம் சொதப்பிருச்சுன்னா என்ன பண்ணுவீங்கன்னு. இடது பக்கத்துல என் கையெழுத்துல எழுதியிருக்கு: "பதில் சொல்லுமுன் நிறுத்தி யோசிக்கிறார். நிதானம்." பக்கத்துல ரெண்டு ப்ளஸ் வேற. வலது பக்கத்துல அதே கையெழுத்து, அதே பேனா: "பதில் வர நேரமாகுது. தடுமாற்றம்? கான்பிடன்ஸ் கம்மி."

ரெண்டு பேரும் செஞ்சது ஒண்ணுதாங்க. பேசுறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் சும்மா இருந்திருக்காங்க, அவ்வளவுதான்.

இன்னும் கீழ போனா கதை இன்னும் கேவலம். இடது பக்கத்துக்காரருக்கு அனுபவம் குறைச்சல், அதுக்கு நான் போட்ட குறிப்பு "பரவாயில்ல, கத்துப்பார்". வலது பக்கத்துக்காரருக்கு அனுபவம் தாராளமா இருக்கு, அதுக்கு என்ன எழுதியிருக்கேன் தெரியுமா, "ஒரே மாதிரி வேலையே பாத்திருக்கார், புதுசா வருமா?" அதாவது அனுபவம் இருந்தா குத்தம், இல்லாட்டி குத்தம் இல்ல. யாருக்கு எதுங்குறது மட்டும்தான் மாறுது.

முதல் ஆளை நல்லா ஞாபகம் இருக்கு. உள்ள வந்த ரெண்டாவது நிமிஷமே எங்களுக்குள்ள பொதுவா ஒரு பேச்சு கிடைச்சிருச்சு, என்னை மாதிரியே பேசுனார், நான் சிரிக்கிற எடத்துல அவரும் சிரிச்சார். ரெண்டாவது ஆளோட முகம்கூட நினைவுல இல்ல, பேச்சுல ஒரு இழுப்பு இருந்துச்சு, அது எனக்குப் பழகாத இழுப்பு, அது மட்டும்தான் மனசுல நிக்குது. சத்தியமா சொல்றேன், அவர் மேல எனக்கு ஒரு துளி வெறுப்பும் இல்ல. வெறுப்பு இருந்திருந்தாலாவது எனக்கே உறைச்சிருக்கும். இருந்தது முதல் ஆள் மேல ஒரு பாசம். நம்மாளு அப்படிங்குற ஒரு இதம். அந்த இதத்துக்கு நான் அன்னைக்கு வச்ச பேரு "தகுதி".

முதல் ஆளைத்தான் எடுத்தோம். நல்லாவே வேலை பாக்குறார், ஒரு குறையும் சொல்ல முடியாது. அதான் இதுல இருக்குற சிக்கலே. எடுத்த ஆள் நல்லா வேலை செய்றதால எடுக்காத ஆளைப் பத்தி யாரும் திரும்பக் கேக்கவே இல்ல, நானும் நோட்டை மூடி டிராயர்ல போட்டுட்டேன்.

இதை ஆராய்ச்சியாவே பண்ணி வச்சிருக்காங்க. 2005ல எரிக் உல்மன், ஜெஃப்ரி கோஹன்னு ரெண்டு பேர் வெளியிட்டது. போலீஸ் தலைமைப் பதவிக்கு ஒரு ஆணையும் ஒரு பெண்ணையும் பத்திப் படிச்சு முடிவு சொல்லச் சொன்னாங்க, ஒருத்தருக்குப் படிப்பு அதிகம், ஒருத்தருக்குத் தெருவுல எறங்கி வேலை பாத்த அனுபவம் அதிகம், அதை மாத்தி மாத்திக் குடுத்துப் பாத்தாங்க. ஆண் கைல எது இருக்கோ அதுதான் இந்த வேலைக்கு முக்கியம்னு ஆட்கள் சாஞ்சிருக்காங்க. ஆளை முதல்ல புடிச்சுட்டு அளவுகோலை அதுக்கப்புறம் வெட்டிக்கிறது. ஆனா ஆட்களைப் பத்திப் படிக்கிறதுக்கு முன்னாடியே எது முக்கியம்னு எழுதி வாங்கிக்கிட்டப்ப அந்தச் சாய்வு காணாமப் போச்சு. இதை உங்க ஆறு பயிற்சில ஒண்ணுலகூட நான் கேக்கல. எனக்கு உங்க மேல இருக்குற பெரிய கோபம் இதுதான்.

உங்க பயிற்சி எப்பவும் ஒரே எடத்துலதான் ஆரம்பிக்கும். "கண்ணை மூடி யோசிச்சுப் பாருங்க, உங்களுக்குள்ள பாரபட்சம் இருக்கா?" நாங்களும் மூடுவோம், உள்ள போய்ப் பாப்போம், உள்ள ஒரு நல்ல மனுஷன் உக்காந்திருப்பான், அவனைப் பாத்துட்டுத் திரும்பி வந்துருவோம். எமிலி ப்ரோனின், டேனியல் லின், லீ ராஸ் மூணு பேரும் 2002ல இதுக்குப் "பயாஸ் ப்ளைண்ட் ஸ்பாட்"னு பேரு வச்சாங்க, நம்ம சாய்வு நம்ம கண்ணுக்கே தெரியாத குருட்டு எடம்னு அர்த்தம். மத்தவங்களுக்கு இருக்குற சாய்வெல்லாம் நமக்குக் கம்மின்னுதான் ஆளாளுக்கு நினைச்சுக்குறோம், அது மட்டும் இல்ல, தன்னைப் பத்தி உசத்தியா மார்க் போட்டுக்கிட்டவங்ககிட்ட இப்படி ஒரு பழக்கம் மனுஷனுக்கு உண்டுன்னு விளக்கிச் சொன்னப்புறமும் "இல்ல இல்ல, நான் போட்ட மார்க் சரிதான்"னு பெரும்பாலானவங்க நின்னாங்களாம். கண்ணை மூடிப் பாத்தா இது தெரியாது. கண்ணைத் திறந்து நம்ம கையெழுத்தைப் பாத்தாத்தான் தெரியும்.

அந்த நோட்டுக்கு அப்புறம் எனக்கு ஒரு கிறுக்கு புடிச்சுக்கிச்சு, என் வாயையே நான் கவனிக்க ஆரம்பிச்சேன். ஒரு நாள் பூரா ஒரு பேப்பரை வச்சுக்கிட்டு யாரை "நீ"ன்னேன் யாரை "நீங்க"ன்னேன்னு குறிச்சேன். எங்க மாடியைக் கூட்டித் துடைக்க வர்ற அம்மாவுக்கு எங்கம்மா வயசு இருக்கும், அவங்களைப் பாத்து "இங்க கொஞ்சம் தொடச்சிட்டுப் போ"ன்னு சொல்லியிருக்கேன். நேத்து படிச்சு முடிச்சு வந்த பையன், என் வயசுல பாதி, கழுத்துல ஐடி கார்டு தொங்குது, "நீங்க உக்காருங்க" அவனுக்கு. சாயங்காலம் அந்த லிஸ்டை வச்சுக்கிட்டுப் பாத்தா வயசுப்படி அடுக்குனா கலைஞ்சு கெடக்கு, சம்பளப்படி அடுக்குனா வரிசையா நிக்குது. பெரியவங்களுக்கு மரியாதை குடுக்குறவன்னுதான் என்னைப் பத்தி நான் இத்தனை நாள் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

தமிழ்ல இன்னொண்ணும் இருக்கு. எதிர்ல நிக்குறவரையும் சேத்துக்கிட்டா "நாம", வெளிய நிறுத்திட்டா "நாங்க". இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே வார்த்தை, அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கலாம், நம்ம மொழில ஒளிய எடம் கிடையாது. எங்க டீம்ல சேந்து மூணு வருஷமான ஒருத்தர்கிட்ட ஒரு மீட்டிங்ல "நாங்க இதையெல்லாம் இப்படிப் பண்றதில்லைங்க"ன்னு சொல்லிட்டேன், அவர் சிரிச்சுக்கிட்டே "நாங்கன்னா, நான் இல்லாமலா?"ன்னு கேட்டார். எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன், அவர் சிரிப்பு மட்டும் சீக்கிரம் முடிஞ்சிருச்சு. மூணு வருஷமா அவர் "நாங்க"வுக்கு அந்தப் பக்கமே நின்னுக்கிட்டு இருந்திருக்கார், எனக்குத் தெரியவே தெரியாது.

இந்தக் கோட்டைப் போடுறதுக்குப் பெரிய காரணம் ஒண்ணும் வேண்டாம். ஹென்றி தாஜ்ஃபெல்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளர் 1970கள் தொடங்குற சமயத்துல இங்கிலாந்துல பிரிஸ்டல் பக்கம் பள்ளிப் பசங்களை வச்சு பண்ணுன சோதனை அதைத்தான் காட்டுச்சு. திரைல தெரிஞ்ச புள்ளிகளை அதிகமா மதிப்பிட்டவங்க, கம்மியா மதிப்பிட்டவங்கன்னு ஏதோ ஒரு சாக்கைச் சொல்லி, உண்மைல கண்ணை மூடிக்கிட்டுப் பிரிச்ச மாதிரிதான், ரெண்டா பிரிச்சு விட்டார். யார் தன் குழுல இருக்கான்னுகூட பசங்களுக்குத் தெரியாது. ஆனா காசைப் பங்கு போடச் சொன்னப்ப தன் குழுவுக்கே சாதகமா போட்டாங்க. தாஜ்ஃபெல் போலந்துல பிறந்த யூதர், ரெண்டாம் உலகப் போர்ல பிரெஞ்சு ராணுவத்துல இருந்து கைதாகி உசுரோட திரும்புனவர், திரும்பி வந்து பாத்தா குடும்பத்துல இருந்த நெருங்குனவங்க யாரும் இல்ல. அப்படிப்பட்டவர் இந்தக் கோடு எவ்வளவு சின்னதுல ஆரம்பிக்குதுன்னு தேடிப் போய், கடைசில புள்ளி எண்ணுற பசங்ககிட்ட வந்து நின்னதை நினைச்சா எனக்கு என்னமோ பண்ணுது.

அப்புறம் இந்தப் பேரு விஷயம். "பேரு வாயில நுழையல"ன்னு சொல்லுவோம்ல, அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் நின்னு பாருங்க, தப்பு பேரு மேல போயிருது, வாய் தப்பிச்சுக்குது. எங்க டீம்ல ஒருத்தரோட பேரை முதல் வாரத்துலயே ரெண்டெழுத்தா வெட்டிட்டேன், எல்லாரும் அப்படியே கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க, அவரும் திரும்பிப் பாத்தார், சரி புடிச்சிருக்குபோலன்னு நினைச்சேன். வேற ஒரு சமயம் அவர் வீட்டுலேருந்து வந்த போனை அவர் எடுத்துப் பேசும்போதுதான் அந்தப் பக்கம் அவர் பேரை முழுசா கூப்பிடுறது என் காதுல விழுந்துச்சு, நல்லா இருந்துச்சு அந்தப் பேரு. அஞ்சு அசை உள்ள மருந்து பேரு வாயில நுழையுது, வெளிநாட்டு சாப்ட்வேர் பேரெல்லாம் நுழையுது, பக்கத்து சீட்டு மனுஷன் பேரு மட்டும் நுழைய மாட்டேங்குது.

நான் மட்டும்தான் இதையெல்லாம் பண்ணுனேன், எனக்கு யாரும் பண்ணலன்னு சொல்ல வரல. ஒரு தடவை வெளிய ஒரு பெரிய கூட்டத்துல பேசிட்டு எறங்குனேன், ஒருத்தர் வந்து கையைக் குலுக்கி "அட, நீங்க நல்லாப் பேசுறீங்களே!"ன்னார். பாராட்டுதான். ஆனா அந்த "அட" இருக்கே, அது ராத்திரி வரைக்கும் குத்துச்சு. நல்லாப் பேச மாட்டேன்னு என்னைப் பாத்தவுடனே முடிவு பண்ணியிருந்தாத்தானே "அட" வரும்? பேச்சு உச்சரிப்பை வச்சு 2010ல ஷிரி லெவ்-ஆரி, போவாஸ் கெய்சார் ரெண்டு பேரும் ஒரு சோதனை பண்ணுனாங்க, சாதாரணப் பொது அறிவு வாக்கியங்களைச் சிலரைப் படிக்கச் சொல்லி, கேக்குறவங்ககிட்ட இது எவ்வளவு உண்மையா இருக்கும்னு மதிப்பிடச் சொன்னாங்க. அன்னிய உச்சரிப்புல வந்த வாக்கியத்துக்கு நம்பிக்கை கம்மி. இத்தனைக்கும் படிக்கிறவர் சொந்தமா சொல்லல, எழுதிக் குடுத்ததைத்தான் வாசிக்கிறார்னு கேக்குறவங்களுக்குத் தெரியும். காது சிரமப்பட்டதை மனசு "இது பொய்யா இருக்கும்"னு கணக்கு வச்சுக்குது. வலது பக்கத்துக்காரரோட அந்த இழுப்பு நினைவுக்கு வந்துச்சு இதைப் படிச்சப்ப. "அட" யாரைக் குத்துச்சோ அதே ஆளுதான், நான்தான், அந்தப் பக்கத்துல "தடுமாற்றம்?"னு எழுதுனவனும்.

இப்ப உங்க ஸ்லைடு ஒண்ணைப் பத்திப் பேசியே ஆகணும். "பண்பாட்டு வேறுபாடுகளைப் புரிந்துகொள்வோம்"னு ஒரு பனிப்பாறை படம், மேல தெரியுறது உடை, மொழி, கீழ தெரியாதது விழுமியம், நம்பிக்கை. படம் நல்லதுதான், எட்வர்ட் ஹால் 1976ல சொன்ன உவமைன்னு சொல்லுவாங்க. ஆனா அதுக்கு அடுத்த ஸ்லைடுல போட்டீங்களே, சில பண்பாட்டுல நேராப் பேசுவாங்க, சிலதுல சுத்தி வளைச்சுப் பேசுவாங்க, சிலதுல மூத்தவங்க முன்னாடி வாயே திறக்க மாட்டாங்கன்னு ஒரு அட்டவணை, அது என்னை எங்க கொண்டுபோய் விட்டுச்சு தெரியுமா? எங்க டீம்ல ஒருத்தங்க மீட்டிங்ல பேசவே மாட்டாங்க. நான் அட்டவணையைப் பாத்தேன், ஆங், இது அவங்க பண்பாடு, மதிக்கணும்னு முடிவு பண்ணி ரெண்டு வருஷம் ரொம்ப மரியாதையா அவங்ககிட்ட ஒண்ணும் கேக்காமலே இருந்துட்டேன். அப்புறம் ஒரு நாள் ரெண்டு பேரும் ஒரே லிப்ட்ல மாட்டிக்கிட்டோம், பேச்சுவாக்குல "நீங்க இயல்பாவே அமைதியான ஆளு இல்ல?"ன்னு கேட்டேன். அவங்க என்னைப் பாத்து, "நான் அமைதி இல்லங்க. நான் ஆரம்பிச்சா நீங்க முடிச்சு வச்சுருவீங்க"ன்னாங்க.

லிப்ட் இன்னும் நாலு மாடி போக வேண்டியிருந்துச்சு. அவ்வளவு நீளமான நாலு மாடியை நான் பாத்ததே இல்ல.

அவங்க பண்பாடும் இல்ல, பனிப்பாறையும் இல்ல, என் வாய்தான். பண்பாடுன்னு ஒரு வார்த்தை கைல கிடைச்சதும் ஆளைப் பாக்குறதை விட்டுட்டேன். பண்பாட்டைப் புரிஞ்சுக்கிறது முக்கியம், நான் மறுக்கல, ஆனா ஒரு ஆளைப் பத்தி அவங்ககிட்டயே கேக்குறதுக்குப் பதிலா அட்டவணையைப் பாக்குறதும் முன்முடிவுதான், என்ன, கொஞ்சம் படிச்ச முன்முடிவு.

இன்னொண்ணு, போன தடவை எங்க எல்லாரையும் கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார வச்சு நமக்கே தெரியாம உள்ள இருக்குற சாய்வை அளக்குற அந்த மறைமுகச் சாய்வு டெஸ்ட்டைப் பண்ண வச்சீங்களே, வார்த்தையையும் படத்தையும் வேகமா ரெண்டு பக்கமா தள்ளுறது, 1998ல அந்தோனி கிரீன்வால்டும் கூட இருந்தவங்களும் கொண்டு வந்தது. முடிவை ஆளாளுக்குப் பிரின்ட் எடுத்துக் குடுத்தீங்க. என் பக்கத்துல இருந்தவர் ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரிஞ்சார், தான் ஒரு மோசமான மனுஷன்னு மெஷின் சொல்லிருச்சுன்னு. ஒரே ஆள் மறுபடி பண்ணுனா வேற முடிவு வரலாம், தனி மனுஷனைப் பத்தித் தீர்ப்பு சொல்ல அதைப் பயன்படுத்தக் கூடாதுன்னு அதை நடத்துறவங்களே சொல்றாங்க. அதுவும் போகட்டும், 2016ல கால்வின் லாயும் கூட்டாளிகளும் ஆறாயிரத்துக்கு மேல ஆட்களை வச்சு, இந்தச் சாய்வைக் குறைக்கிற ஒன்பது வழியைச் சோதிச்சுப் பாத்தாங்க. ஒன்பதும் உடனே வேலை செஞ்சுது. சில மணி நேரத்துலேருந்து சில நாளைக்குள்ள ஒன்பதும் ஆவியாயிருச்சு. எங்க ஒரு மணி நேரப் பயிற்சி எந்த மூலைக்கு?

அதனால என்ன பண்ணச் சொல்றேன்னா, மனசை மாத்துறதை விட்டுருங்க, அது எங்க பாடு, பேப்பரை மாத்துங்க, அது உங்க கைல இருக்கு. இன்டர்வியூவுக்கு முன்னாடியே இந்த வேலைக்கு எது வேணும், எதுக்கு எவ்வளவு மார்க்குன்னு எங்ககிட்ட எழுதி வாங்கி லாக் பண்ணிருங்க, ஆளைப் பாத்தப்புறம் ஒரு எழுத்தைக்கூட மாத்த விடாதீங்க. முதல் சுற்றுல பேரை மறைங்க, அமெரிக்காவுல பாஸ்டன், சிகாகோ ரெண்டு ஊர்லயும் பெர்ட்ராண்ட், முல்லைநாதன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஏறக்குறைய 5,000 போலி ரெஸ்யூம் அனுப்பி 2004ல வெளியிட்ட கணக்கு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், வெள்ளைக்காரப் பேரா இருந்தா சுமார் 10 அனுப்புனா ஒரு அழைப்பு, கறுப்பினப் பேரா இருந்தா சுமார் 15 அனுப்பணும், உள்ள இருக்குற தகுதி ஒண்ணுதான். பேரை மறைச்சா எல்லாம் தீந்துரும்னு சொல்ல மாட்டேன். நீங்க எப்பவும் சொல்லுற அந்தத் திரை போட்ட ஆர்கெஸ்ட்ரா கதை, வாசிக்கிறவங்க யாருன்னு தெரியாம திரைக்குப் பின்னாடி வாசிக்க வச்சா பெண்கள் தேர்வாகுறது கூடுதுன்னு 2000ல வந்த ஆய்வு, அதோட கணக்கு நீங்க சொல்ற அளவுக்குப் பலமா இல்லன்னு பின்னாடி புள்ளியியல் தெரிஞ்சவங்க கேள்வி கேட்டிருக்காங்க, அதையும் சேத்துச் சொல்லுங்க, நாங்க ஒண்ணும் கொழந்தைங்க இல்ல.

பயிற்சி வேண்டாம்னும் சொல்லல. நடத்துங்க, ஆனா ஸ்லைடு வேண்டாம். நாங்க போன வருஷம் எழுதுன இன்டர்வியூ குறிப்பு, அப்ரைசல்ல எழுதுன ரெண்டு வரி, எல்லாம் உங்ககிட்டதானே இருக்கு? பேரையெல்லாம் மறைச்சு எங்க முன்னாடியே போடுங்க. "தைரியமாப் பேசுறார்"னு யாருக்கு எழுதுனோம், "எடுத்தெறிஞ்சு பேசுறார்"னு யாருக்கு எழுதுனோம்னு நாங்களே பாக்குறோம். யாரும் யாரையும் குத்தம் சொல்ல வேண்டாம், மார்க்கும் போட வேண்டாம். அரை மணி நேரம் எங்க கையெழுத்தோட எங்களைத் தனியா விடுங்க போதும்.

என்னைப் பத்தியும் கேப்பீங்க. இப்ப அந்தக் கூட்டுற அம்மாவை "நீங்க"ன்னுதான் சொல்றேன், முதல் நாள் அவங்க திரும்பிப் பின்னாடி பாத்தாங்க, வேற யாரையோ கூப்பிடுறேன்னு நினைச்சு. மீட்டிங்ல வாயை மூடிக்கிட்டு இருக்கப் பழகுறேன், பாதி நாள் தோத்துட்டுதான் வர்றேன். வலது பக்கத்துக்காரருக்கு நான் பண்ணுனதைத் திருப்பிச் சரிபண்ண வழியே இல்ல, எங்க இருக்கார்னே தெரியாது.

நோட்டைக் கிழிக்கல. அந்த ரெண்டு பக்கத்தையும் பேரை அடிச்சுட்டு ஜெராக்ஸ் எடுத்து வச்சிருக்கேன். அடுத்த பயிற்சிக்கு வேணும்னா ஒரு மெயில் போடுங்க, கொண்டு வந்து நானே வாசிச்சுக் காட்டுறேன். கையெழுத்து கொஞ்சம் கோணலா இருக்கும், வேற யாருக்கும் படிக்க வராது.

இப்படிக்கு,
ஆறு சர்டிபிகேட் வாங்குன உங்க ஊழியன்